சிப்பாய்களுக்குப் பிறகு கந்தோர்

ஹட்டன் நகரில் அப்போது தனியார் துப்பறியும் நிலையம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது. ஆகவே 2003 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, திம்புள்ளப் பக்கத்து லோன்சைட் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி என் படியேறி வந்தபோது, பல பேருக்குள் என்னைத் தெரிவு செய்தார் என்று நான் பெருமைப்பட்டிருக்கக் கூடாது. பெருமைப்பட்டேன்.

என் பெயர் குகநேசன். ஊர் கோண்டாவில். காணாமற்போன பதிவுத் தபால்களை விசாரிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவன். மலைநாட்டுக் குளிர் உடம்புக்கு ஒத்துப்போனதால் ஹட்டனிலேயே தங்கி, ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் பலகை மாட்டினேன். மூன்று வருடத்தில் பதினொரு வழக்குகள் வந்தன. நான்கைத் தீர்த்தேன். அந்த நான்கில் இரண்டு, தேடப்பட்ட ஆட்கள் தாங்களாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தவை.

என் உதவியாளர் நாகலெட்சுமி கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பஸ் நிலையத்துத் தொலைபேசிக் கடையில் பத்து வருடம் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் காது கூர்மையானவள். வாய் அதைவிடக் கூர்மை.

"ஒரு படச்சுருள் காணாமப் போச்சுங்க," என்றார் கணேசமூர்த்தி. ஐம்பத்தேழு வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தன் தகப்பனாரும் வெள்ளைக்காரன் காலத்தில் அதே தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்று உட்காரும்போதே சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். லோன்சைட்டை முன்னொரு காலத்தில் நிருவகித்த வெள்ளைக்காரத் துரைக்குப் படம் பிடிக்கும் பைத்தியம். உலகப்போரில் பட்டாளத்து அதிகாரியாகப் பர்மாவுக்குப் போனவர், சின்னச் சினிமாக் கமெரா ஒன்றையும் கொண்டுபோயிருக்கிறார். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் கமெரா ஓயவில்லை. அவர் விட்டுப்போன சுருள் ஒன்று பங்களாவின் பழைய சாமான் அறையில் இரண்டு வாரத்துக்கு முன் அகப்பட்டது. தகர டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருந்த தாளில் அவர் கைப்பட மூன்று வரி: ஒன்று, சிப்பாய்கள் ஆற்றைக் கடத்தல். இரண்டு, சிப்பாய்கள் முகாமில். மூன்று, தோட்டத்துக் கந்தோர், 1951.

பர்மாப் போர் பற்றி விவரணப்படம் எடுக்கும் லண்டன்காரர் இருவர் சனிக்கிழமை பின்னேரம் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வியாழன் விடிய, பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய கையோடு, இப்போதைய துரை கந்தோருக்கு, அதாவது தோட்ட அலுவலகத்துக்கு, வந்து டப்பாவைக் கேட்டிருக்கிறார். அலுமாரியைத் திறந்தால் டப்பா இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று பெரிய கிளாக்கரிடம். மற்றது கந்தோரைக் கூட்டித் துடைக்கும் வீரம்மாவிடம்.

"துரை அந்த எடத்துலயே வீரம்மாவ வேலையவிட்டு நிப்பாட்டிட்டாருங்க. நாளைக்குள்ள படம் வராட்டி பொலிசு. வேலை போச்சுன்னா தோட்டம் குடுத்த வீடு, அந்த லயத்துக் காம்பராவும் போயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவா? பொலிசுக்கு முந்தி ஒரு துப்பறிவாளர வச்சுப் பாப்போம்னு நான்தான் துரைகிட்ட சொன்னேன்."

"உங்களுக்கு நல்ல மனம்," என்றேன்.

"ஹட்டன்ல நாலு எடத்துல விசாரிச்சேங்க. நாலு பேரும் ஒங்களத்தான் சொன்னாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாகலெட்சுமி என் பக்கம் குனிந்து, "என்ன சொன்னாங்கன்னும் கேட்டுருங்க சார்," என்றாள். நான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு லோன்சைட் கந்தோரில் நின்றோம். நான் பூதக்கண்ணாடியை எடுத்து அலுமாரிக் கதவை ஆராய்ந்தேன். தெளிவான பெருவிரல் அடையாளம் ஒன்று கிடைத்தது. அது கதவைத் திறந்தபோது நானே வைத்தது என்பதை நாகலெட்சுமி எடுத்துச் சொன்னாள்.

"சார், தரையப் பாருங்க," என்றாள் பிறகு. "ரெண்டு நாளா யாருமே கூட்டல. கூட்டுற ஆளத்தான் நிப்பாட்டிட்டாங்களே. புதன்கிழமைக் குப்பை அப்புடியே கெடக்கு."

அவள் முழங்காலில் இருந்து மேசைகளுக்கு அடியில் தேடினாள். மூலையில் தாள் வெட்டும் பொறி. அதன் காலடியில் சுருண்டு கிடந்த ஏதோ ஒன்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்தாள். படச்சுருளின் ஒரு துணுக்கு. நகமளவில் மூன்று கட்டம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என் கண்ணாடியால் பார்த்தோம். முதல் இரண்டு கட்டத்திலும் ஒரு மரத்தடியில் சப்பாத்துக் கால்கள். மூன்றாவதில் ஒரு மேசை விளிம்பும் தட்டச்சுப் பொறியும்.

"சிப்பாய் முடிஞ்சு கந்தோர் துவங்கிற இடம்!" என்றேன். "கள்ளன் அளந்து வெட்டியிருக்கிறான். அவனுக்குத் தேவை சிப்பாய்கள் மட்டும். போர்ப் படத்துக்கு வெளிநாட்டிலை எவ்வளவு கிராக்கி தெரியுமோ?"

"வெட்டுனா ரெண்டு துண்டாத்தானே சார் வரும். எந்தத் துண்டு வேணும்னு வெட்டுனான்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"ஆரும் கந்தோர்ப் படத்தைக் களவெடுப்பாங்களோ பிள்ளை? கிளாக்கர்மார் கணக்கு எழுதிறதை ஆர் பார்க்கிறது?"

கணேசமூர்த்தி தலையை ஆட்டினார். "சார் சொல்றது சரிதானுங்க," என்றார். நான் சொன்னதை ஒருவர் உடனே ஒப்புக்கொள்வது எனக்கு அபூர்வம். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போர்ப் படத்தின் மதிப்புத் தெரிந்தவர் யார்? அந்தக் கேள்விக்கு விடையும் கையோடு கிடைத்தது. தன் பழைய புரொஜெக்டரில் படத்தை ஓட்டிக் காட்டவிருந்த கண்டிக்காரர் லக்ஸ்மன் புதன்கிழமை வந்து டப்பாவைப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை வரை றொசல்லயில் தங்கை வீட்டில் தங்குவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆட்டோ பிடித்தோம்.

றொசல்ல புகையிரத நிலையத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்தது அந்த வீடு. மழை ஈரத்தில் படிகள் வழுக்கின. இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை விழாமல் வாசலை அடைந்து, கதவைத் திறந்த லக்ஸ்மனை நோக்கி விரலை நீட்டினேன்.

"லக்ஸ்மன்! விளையாட்டு முடிஞ்சுது. படச்சுருள் எங்கை?"

லக்ஸ்மன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, ஒங்க கழுத்துல அட்டை," என்றார்.

குற்றம் சாட்டுகிற மனிதனின் கழுத்தில் அட்டை தொங்கினால் குற்றச்சாட்டு எடுபடாது. அவருடைய தங்கை உப்புக் கொண்டுவந்தாள். நாகலெட்சுமி அட்டையை விழுத்தி, இரத்தத்தைத் துடைத்து, "இப்பச் சொல்லுங்க சார், விளையாட்டு முடிஞ்சுதா?" என்றாள்.

"படம் இந்தா இருக்கு," என்றார் லக்ஸ்மன், மேசைக்கு மேல் கைகாட்டி. அங்கே தகர டப்பா. "களவுன்னா சொல்றீங்க? தோட்டத்துல இருந்துதான் அனுப்புனாங்க. நேத்துக் காலையில பஸ் கண்டக்டர் கொண்டாந்து குடுத்தாரு. கடுதாசியும் இருக்கு."

தட்டச்சில் இரண்டு வரி. "இத்துடன் உள்ள படச்சுருளைப் பரிசோதித்து, சனிக்கிழமை பிற்பகல் 3.30க்கு முன் கொண்டுவரவும். தோட்ட நிருவாகம்." கையெழுத்து இல்லை.

"போட்டுக் காட்டுங்கோ," என்றேன்.

ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சுண்ணாம்புச் சுவரில் படத்தைப் போட்டார். சத்தம் இல்லாத படம். மார்பளவு தண்ணீரில் சிப்பாய்கள் வரிசையாக வந்தார்கள், துப்பாக்கிகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி. ஒருவனின் தொப்பி ஆற்றோடு போனது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். பதினெட்டு வயதுக்கு மேல் இராது. கரையில் தூக்குப் படுக்கையில் கிடந்த ஒருவன் சிகரெட்டுக்குக் கை நீட்டினான். வேறொருவன் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, அவன் இழுத்து முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தான். பிறகு முகாம். இரும்புத் தொப்பியில் அரிசி கழுவினார்கள். ஒரு மரத்தில் கண்ணாடித் துண்டைச் செருகிச் சவரம் செய்தார்கள். திடீரென்று சுவர் வெறும் வெள்ளையானது.

"அவ்வளவுதான்," என்றார் லக்ஸ்மன். "மூணாவது பகுதி இல்ல. பழைய படம்தானே, அறுந்து போயிருக்கும்னு நெனச்சேன்."

அதாவது, எவரும் களவெடுப்பார்கள் என்று நான் சொன்ன சிப்பாய்கள் பத்திரமாக இருந்தார்கள். எவரும் களவெடுக்க மாட்டார்கள் என்று சொன்ன கந்தோர் போயிருந்தது. நாகலெட்சுமி என்னைப் பார்க்காமல் இருந்தது அவளுடைய பெருந்தன்மை.

"அந்தக் கடுதாசியக் குடுங்க சார்," என்றாள். ஜன்னலருகே கொண்டுபோய்ப் படித்தாள். "நீங்க எத்தன தடவை படிச்சீங்க?"

"மூன்று தரம். ஒரு பிழையும் இல்லை. ஒழுங்கான கடிதம்."

"அதத்தான் சொல்றேன். மேல பாருங்க."

தாளின் இடது மூலையில், ஒழுங்கான அரசாங்கக் கடிதம் எதிலும் இருப்பதுபோல, இருந்தது: எமது இல: லோ/பொ/03/212.

"பேரப் போடாம எழுதுறது மொட்டைக் கடுதாசி. மொட்டைக் கடுதாசிக்கு எவன் சார் நம்பர் போடுவான்?"

நான் போடுவேன். பால்காரருக்கு எழுதிவைக்கும் துண்டிலேயே இலக்கமும் திகதியும் போடுபவன் நான். அதனால்தான் மூன்று தரம் படித்தும் என் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியவில்லை. நம்பர் போடாமல் ஒரு தாளை அனுப்பக் கை கூசும் மனிதர் இன்னொருவர் இருக்கிறார். முப்பது வருடம் கந்தோர் மேசையில் இருந்தவர்.

நாங்கள் டப்பாவோடு திரும்பியபோது மணி நாலரை. கணேசமூர்த்தி தனியாக இருந்தார். வெளியே போகும் கடிதங்களின் பதிவேட்டைக் கேட்டேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் எழுந்து போய் எடுத்துவந்து, சரியான பக்கத்தைத் தானே விரித்து வைத்தார். பழக்கம்தான். 211, தொழிற் திணைக்களம். 213, உரக் கம்பனி. இரண்டுக்கும் நடுவில், அதே அழகான கையெழுத்தில்: 212, படம், றொசல்ல.

"கார்பன் பிரதியும் கோப்புல இருக்குமே?" என்றாள் நாகலெட்சுமி.

"இருக்குங்க," என்றார் அவர்.

மேசை லாச்சியைத் திறந்து, கைலேஞ்சியில் சுற்றிய சின்னச் சுருளை எடுத்து எங்கள் முன் வைத்தார்.

"துரை இத எங்கிட்டக் குடுத்துத் தூசு தட்டி வைக்கச் சொன்னாரு. சும்மா ஒரு ஆசையில ஜன்னல்ல பிடிச்சு லென்ஸ் வச்சுப் பாத்தேன். எங்கப்பா நிக்கிறாருங்க."

"அவர்தானே வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய கிளாக்கர்? காலைமை நீங்கள் சொன்னியள்," என்றேன்.

"எல்லார்கிட்டயும் அப்புடித்தான் சொல்லியிருக்கேன். முப்பது வருசமா." அவர் மேசையைப் பார்த்துப் பேசினார். "எங்கப்பா பேரு பழனியாண்டி. இந்த ஆபிசுல பியூனு. டீ கொண்டாருவாரு, துரை சப்பாத்த மினுக்குவாரு. நாப்பத்தஞ்சு வயசுலயும் 'பையா'ன்னுதான் கூப்புடுவாங்க. லயத்துல பொறந்தவன் ஸ்டாப் குவாட்டர்சுக்கு வந்தப்ப, மத்த ஸ்டாப் வீட்டுக்காரங்க எங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்கல. அப்ப வாயில வந்திச்சு, எங்கப்பாவும் கிளாக்கர்னு. அப்புறம் மக கல்யாணத்துலயும் அதையே சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாளைக்கு இங்க வாராங்க, படம் பாக்க."

"அதனாலை வெட்டினீங்கள்."

"போர்ப் படத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் லக்ஸ்மனுக்கு அனுப்புனேன். சனிக்கெழமை அவர் கொண்டுவருவாரு, சிப்பாய்ங்களப் பாத்துட்டு எல்லாரும் போயிருவாங்க, மூணாவது பகுதிய யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். துரை ரெண்டு நாள் முந்தியே வந்து கேப்பாருன்னு நெனைக்கல. வாயடைச்சுப் போச்சு. அவரு வீரம்மாவப் பாத்தாரு. நான் சும்மா நின்னேன்."

"ஏன் எரிக்கேல்லை?"

"எப்புடிங்க எரிப்பேன்? எங்கப்பாவுக்கு ஒரு போட்டோ கூட இல்ல."

எனக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அப்ப ஏன் துப்பறிவாளரைக் கூப்பிட்டீங்கள்? அதுகும் என்னை?"

கணேசமூர்த்தி மிகவும் மரியாதையாகச் சொன்னார். "சனிக்கெழமை வரைக்கும் பொலிசு வராமத் தடுக்கணுமே. நாலு எடத்துல விசாரிச்சேங்க. நாலு பேருமே, குகநேசன் சார் ரொம்ப நல்ல மனுசன், ஆனா ஒண்ணையும் கண்டுபுடிக்க மாட்டாருன்னு சொன்னாங்க."

என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஏகமனதான நற்சான்றிதழ் அது. நாகலெட்சுமிகூடச் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

"நாளைக்குப் படம் முடிய நானே துரைகிட்டச் சொல்லிடுறேங்க," என்று கணேசமூர்த்தி கைகூப்பினார். "இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க."

நான் சரி என்றுவிட்டேன். ஒரு மனிதர் கைகூப்பினால் எனக்கு உடனே வாய் அடைத்துவிடும். தபால் திணைக்களத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போனதற்கும் அதுவே காரணம்.

வெளியே வந்ததும் நாகலெட்சுமி என்னோடு சண்டை பிடித்தாள்.

"ஒங்களுக்கு அவரு மானம் பெருசாத் தெரியுது. அதுவரைக்கும் வீரம்மா கள்ளியாவே இருக்கணுமா? லயத்துல அவ புள்ளைங்கள என்ன சொல்லுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்? எனக்குத் தெரியும்."

அவள் என்னை ஆட்டோவில் விட்டுவிட்டு, குடையும் இல்லாமல் லயத்தை நோக்கி இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஜன்னல்களுக்குச் சாக்கு. லண்டன்காரர் இருவர், துரை, கந்தோர் உத்தியோகத்தர்கள், கணேசமூர்த்தியின் சம்பந்தி வீட்டார், பின்னால் வேலை முடித்து வந்த ஆட்கள். முன்வரிசையில், துரைக்குப் பக்கத்தில், நாகலெட்சுமி. அவள் அருகே நீலச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் வீரம்மா. துரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். படம் எப்படிக் கிடைத்தது என்று அவர் என்னைக் கேட்டிருந்தார். படம் முடியச் சொல்கிறேன் என்று மழுப்பியிருந்தேன்.

வெட்டிய துண்டை லக்ஸ்மன் ஒட்டியிருந்தார். சிப்பாய்கள் ஆற்றைக் கடந்தார்கள். தொப்பி போனது. அரிசி கழுவினார்கள். லண்டன்காரர் எழுதிக்கொண்டே இருந்தார்கள். துணியில் ஒரு துள்ளல். கந்தோர் வந்தது.

மேசைகள் மூன்று. கழுத்துப்பட்டி கட்டிய கிளாக்கர்மார் மூவர். வெள்ளைத் துரை ஒரு தாளை நீட்டி ஏதோ சொல்கிறார். கமெராவைத் துரைசானி பிடித்திருக்க வேண்டும். ஒருவர் தட்டச்சுச் செய்கிறார், ஒருவர் பேரேட்டில் எழுதுகிறார். கதவு திறந்து, காக்கிச் சட்டையோடு ஒல்லியான ஒருவர் தேநீர்த் தட்டத்துடன் வருகிறார். கமெராவைக் காண்கிறார். போட்டோ பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். தட்டத்தோடு அப்படியே விறைத்து நிற்கிறார். பின்னாலிருந்த கிளாக்கர் கையைத் தட்டிக் கூப்பிடுகிறார். அசையவில்லை. கண்கூட மூடவில்லை.

ஆட்கள் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். கணேசமூர்த்தி எழுந்தார். வெளிச்சம் அவர் முதுகில் விழுந்து, அவருடைய நிழல் துணி முழுவதையும் மறைத்தது.

"அவரு எங்கப்பா," என்றார். "பேரு பழனியாண்டி. பெரிய கிளாக்கர் இல்ல. டீ கொண்டார பியூனு. நான் பொய் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. லக்ஸ்மன் பொறியை நிறுத்தினார். சம்பந்தி தன் கைகளைப் பார்த்தார். அதற்கு மேல் சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் எழுந்து நின்றாள்.

"அது இருக்கட்டுங்க ஐயா," என்றாள் வீரம்மா. "ஒங்கப்பா டீ கொண்டாந்தது தப்பில்ல. என் விசயத்த மொதல்ல சொல்லுங்க."

கணேசமூர்த்தி அவளைப் பார்த்துத் திரும்பினார். "வீரம்மா எதையும் எடுக்கல. எடுத்தது நான். அவுங்க பேர் கெட்டப்ப வாய மூடிக்கிட்டு நின்னதும் நான். என்னைய மன்னிச்சிருங்க."

"சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி என் புள்ளைங்க நிக்குதுங்க."

அவர் மறுபடியும் சொன்னார், சத்தமாக.

துரை எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து கந்தோர் அலுமாரிச் சாவியை எடுத்து வீரம்மாவிடம் நீட்டினார். அவள் அதை உடனே வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அவரை நிற்க வைத்துவிட்டுத்தான் வாங்கினாள். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசித் துண்டத் திரும்பப் போடுங்கண்ணே," என்றாள் லக்ஸ்மனிடம். "இவரு நடுவுல நின்னு மறச்சிட்டாரு. ஐயா, நீங்க ஒக்காருங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியாது."

கணேசமூர்த்தி அவள் கதிரைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பொறி மீண்டும் ஓடியது. கதவு திறந்தது, பழனியாண்டி வந்தார், விறைத்து நின்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லென்சுக்குக் கீழே நகமளவுக் கட்டங்களைப் பார்த்த மகன் அதற்கு மேல் பார்த்திருக்கவில்லை. வெட்டுகிற அவசரத்தில் சுருளின் கடைசியை அவர் விரிக்கவே இல்லை.

திரையில் பழனியாண்டியின் முகம் மெல்ல இளகியது. இது போட்டோ இல்லை, தான் அசையலாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் கிளாக்கர்மாரைத் தாண்டி, துரையைத் தாண்டி, நேரே எங்களை நோக்கி நடந்து வந்து, சிரித்துக்கொண்டே தேநீர்த் தட்டத்தை நீட்டினார்.